தையல்நாயகி வீட்டைச் சுற்றிக் காட்டினாள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் என் மீசை இன்றைக்கே கொட்டிப் போகட்டும். எங்கே மீசை என்று என் முகத்தில் தேட வேண்டாம். போன கதையில் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்துச் சொன்னதற்குப் போனதுதான் அது. அதனால் இந்தத் தடவை அப்பட்டமான உண்மை. அடுத்தவன் மனசுக்குள் ஓடினதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். கதவு திறந்து கிடந்தது, நுழைந்தேன். உட்கார இடமில்லாமல் உள்ளே அத்தனை அடைசல், அதனால் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தேன். போதுமா? திருச்சியில் வரகனேரிப் பக்கம், காந்தி மார்க்கெட்டின் வெங்காய வாசனை வந்து முட்டிக்கொண்டு திரும்பிப் போகிற ஒரு சந்து. அங்கே ஒரு சாயங்காலம், பஞ்சநாதன் தன் வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நடக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

பேப்பரில் யாரோ ஒரு பெரிய மனிதர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார், பஞ்சநாதன் அந்த விளக்கையே பார்த்தான், சுடர் கீழ்நோக்கி எரிந்தது, எரியட்டும், காது மட்டும் அவனிடம் இல்லை, அது தையல்நாயகியின் பின்னால் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. கரூரிலிருந்து வந்த நாச்சம்மாளுக்கும் அவள் மகன் லோகநாதனுக்கும் அவள் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டை வாங்க வந்தவர்கள். அது அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டை விற்பதற்காகத்தான் வாங்கினான் என்பதே அவளுக்குத் தெரியாது. மத்தியானம் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சவங்க கரூர்ல வீடு கட்டப் போறாங்க, நம்ம வீடு மாதிரியே கட்டணுமாம், ஒரு தடவை பாத்துக்கிறோம்னாங்க" என்று சொல்லி வைத்தான். அவள் மோர்ச்செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீட்டையா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. பட்டுப்புடவை கட்டலாமா, அது அலட்டலாகத் தெரியுமா, பஜ்ஜியா கேசரியா என்று அலைந்தாள். நம்ம வீட்டையா. நம்ம. பக்கத்து நாற்காலியில் தரகர் சலாவுதீன் பாய் காலாட்டிக்கொண்டு செல்போனில் யாருக்கோ காலி மனை காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் குனிந்து, "அண்ணே, பேப்பரை நேராப் புடிங்க" என்றார். நேராகப் பிடித்தான். பெரிய மனிதர் எழுந்து நின்றார். "கவலையே படாதீங்க. அந்தம்மாவுக்கு வீட்டு மேல உசுரு, அவங்ககிட்ட விலைப் பேச்செல்லாம் எடுக்காதீங்கன்னு வர்ற வழியிலேயே சொல்லிக் கூட்டியாந்திருக்கேன். முடிஞ்சிரும்." முடிஞ்சிரும். எது?

முதலில் இந்த வீடு இருந்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவைத் தட்டினால் கை கதவுக்குள் போய் அந்தப் பக்கம் நிற்கிறவனோடு குலுக்கிக்கொள்ளும், கரையான் மரத்தையெல்லாம் தின்றுவிட்டுப் பெயிண்டை மட்டும் மரியாதைக்கு விட்டு வைத்திருந்தது. சுவரில் சாய்ந்தால் சட்டை துவைத்ததுபோல் ஈரமாக வரும். ஒரு வௌவால் கூட்டம் பகலிலும் கலையாமல் தொங்கி, வருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும். அண்ணன் தம்பி சண்டையில் பாழாய்ப் போன வீடு, ராசியில்லாத வீடு என்று சந்தே சொன்னது, அதனால்தான் மலிவு. பஞ்சநாதன் பஸ் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷம் டிக்கெட் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன், வந்த பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கடையில் நின்றபோதுதான் பாய் வாய்த்தார். "பழசை வாங்குங்க, மினுக்குங்க, வித்துருங்க. ஒண்ணுல கைப்பழக்கம் வந்துட்டா அப்புறம் நீங்களே எனக்குச் சொல்லிக் குடுப்பீங்க." பஞ்சநாதன் மினுக்கினான். மினுக்கி முடித்ததும் பாய் சொன்னதுதான், இப்போது காலாட்டிக்கொண்டிருக்கிறாரே இதே மனுஷன் சொன்னதுதான், எல்லாவற்றுக்கும் காரணம். இல்லை, காரணம் பாய் இல்லை. "அண்ணே, பூட்டிப்போட்டா இந்த வீடு விக்காது. ராசியில்லாத வீடுன்னு பேரு இருக்குல்ல? வாங்க வர்றவன் கொத்தனார் வேலையைப் பாக்க மாட்டான், இருக்கிற பொம்பளை முகத்தைப் பாப்பான். நீங்களும் அண்ணியும் வந்து கொஞ்ச மாசம் குடியிருங்க. அண்ணி முகம்தான் இந்த வீட்டுக்கு விலை." சரி என்றான். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கூட்டி வருவது என்றுதான் இருந்தான். தையல், இது யாவாரம், கொஞ்ச நாள் இருப்போம், விப்போம், அடுத்ததை வாங்குவோம், மூணாவது வீடு உனக்கு. மூணாவது வீடு உனக்கு. ஆட்டோவில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பாலக்கரை சிக்னலில் ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, நன்றாகத்தான் வந்தது. அவள் உள்ளே வந்தாள், புதுச் சுண்ணாம்பு வாசனையை மூக்கை உறிஞ்சி இழுத்தாள், கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவினாள், திரும்பி அவனைப் பார்த்துக் கேட்டாள், "இதுல ஆணி அடிக்கலாமா?"

ஆணி. இங்கேதான் அவன் மனசு எப்போதும் வந்து மாட்டிக்கொள்ளும், முந்தானை ஆணியில் மாட்டினதுபோல, இழுத்தால் கிழியும். முப்பது வருஷமும் வாடகை வீடு. ஒரு வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விட்டதில்லை. உறையூரில் ஒருவர் இருந்தார், சுத்தியல் சத்தம் எங்கே கேட்டாலும் அது தன் சுவர்தான் என்று சமயபுரத்திலிருந்துகூடச் செருப்பில்லாமல் ஓடி வருவார், ஒரு தடவை தேங்காய் உடைத்ததற்கு வந்துவிட்டார். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், காற்றில் திரும்பிக்கொள்ளும், தையல்நாயகி கிழமை பார்க்கத் தெருப்பக்கம் போய் நின்று பார்ப்பாள். மாமனார் படம் பீரோவுக்கு மேல் படுத்தே கிடந்தது, திதிக்குத் திதி எழுந்து உட்காரும். மகள் கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டக் கூடாது, பந்தக்காலுக்குக் குழி தோண்டக் கூடாது என்றுவிட்டார்கள், பிள்ளை வீட்டார் அடையாளம் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டு வந்தார்கள், அன்றைக்கு அவள் மாவிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆணி அடிக்கலாமா என்றதும் அவன், "அடி" என்றான். ஒரே சொல். பொய் சொல்வதற்கு எவ்வளவோ மெனக்கெடுகிறார்கள் ஊரில், எனக்கெல்லாம் மூன்று பக்கம் வேண்டும், அவனுக்கு இரண்டே எழுத்தில் முடிந்துவிட்டது. அவள் அடித்தாள். சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலெல்லாம் அடித்தாள். பாய் வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார், "அண்ணே, விக்கிற சுவர்ணே!" பட்டி வைத்துப் பூசிக்கொள்ளலாம் என்று அவன் சொன்னபோது அடுப்படியிலிருந்து அவள், "பாய்க்கு டீயில சீனி எவ்வளவு?" என்று கேட்டாள்.

இப்போது குரல் அடுப்படியில். பாத்திரம் லேசாக மோதும் சத்தம், அலமாரிக் கதவு திறக்கிற சத்தம், அதற்கு மட்டும் எண்ணெய் போட மறந்துவிட்டான். "இந்த மேடையைப் பாருங்கம்மா, இது நாங்க குடி வந்தப்புறம் என் உசரத்துக்குக் கட்டினது. இத்தனை வருஷம் எவ உசரத்துக்கோ கட்டின மேடையில எக்கி எக்கிக் குழம்பு வச்சேன், தோள்பட்டையே ஒரு பக்கம் ஏறிப்போச்சு. கொத்தனார் வழக்கமான உசரத்துக்குத்தான் கட்டுவேன்னாரு. இவங்கதான் விடலை. என்னைச் சுவரோரமா நிக்க வச்சு, முழங்கையை அளந்து, இந்தா இங்கனு கோடு போட்டாங்க." ஆமாம், போட்டான். ஏன் போட்டான்? பாய் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார், "வாங்குறவ நெட்டையா இருந்தா என்ன பண்ணுவீங்க, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும், வீடும் போயிரும்." முதல் வீட்டில் எல்லாரும் செய்கிற தப்பு இது என்றார், தனக்கென்று கட்டுவது. ஆனால் அவன் தனக்கென்று கட்டவில்லை. விற்கப் போகிற வீட்டில், ஒரு சாயங்காலம், கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முழங்கைக்கு நேராகக் கோடு போட்டபோது, அந்த ஒரு சாயங்காலம் முழுக்க, விற்கப் போகிறோம் என்பது அவனுக்கே மறந்து போயிருந்தது. மறந்திருந்தானா? இல்லை, மறந்ததாக இப்போது ஜோடிக்கிறானா? "ஏனுங்க அம்மிணி," என்றாள் உள்ளே நாச்சம்மாள், "எனக்கும் இதே உசரந்தானுங்கொ. அளந்து வச்சாப்பல இருக்குது பாருங்கொ." பாய் அவன் தொடையைத் தட்டிக் கண் சிமிட்டினார். அளந்து வச்சாப்பல. யாரை அளந்தது? பஞ்சநாதனுக்கு எழுந்து போய் அந்த மேடையை ஒரு உதை விட வேண்டும்போல் இருந்தது. கால் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டான், ஊசி ஊசியாகக் குத்தியது, நல்லது, குத்தட்டும்.

கூப்பிடலாம். தையல், இங்க ஒரு நிமிஷம் வா. கொல்லைப்பக்கம் கூட்டிப் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன செய்வாள்? அவளுடைய சங்கிலியும் வளையலும் பேங்கில் இருக்கின்றன, இந்த வீட்டுக்காகத்தான் கழற்றிக் கொடுத்தாள், கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று மகள் கேட்டதற்கு, "கழுத்துல இருந்தா என்ன, காரை போட்டுத் தரையில கிடந்தா என்ன, மிதிச்சுக்கிட்டு நடப்பேன்" என்று சிரித்தாள். இந்த விற்பனையை நம்பிப் பொன்மலையில் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, இது முறிந்தால் அதுவும் போகும், நகை மீளாது. விற்றால் நகை வரும், அவளுக்கு வீடு போகும். விற்காவிட்டால் வீடு நிற்கும், எத்தனை நாள் நிற்கும், பேங்க்காரன் வந்து கதவைத் தட்டும்வரை நிற்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஓரம் அவள் கையைத்தான் அறுக்கிறது. மூணாவது வீடு உனக்கு. அவன் அதைத் திரும்பவும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இந்தத் தடவை அது உறையூர் வீட்டுக்காரர் குரலில் வந்தது.

பிறகு குரல்கள் மாடிப்படி ஏறின. மேலே போனதும் ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் அவன் பயந்த இடம். கீழே இருக்கும்வரை காதைப் போட்டுக் காவல் காக்கலாம், மேலே அந்த லோகநாதன் பையன் வாய் தவறி ஒரு வார்த்தை, பத்திரம் எப்போம்மா என்று ஒரு வார்த்தை, விட்டுவிட்டால்? மொட்டை மாடியில் இந்நேரம் மலைக்கோட்டை தெரியும், உச்சியில் விளக்குப் போட்டிருப்பார்கள், அவள் அதைத்தான் காட்டிக்கொண்டிருப்பாள், தானே போட்ட விளக்கு மாதிரி. காற்று நன்றாக வரும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். இப்போது கேட்டிருப்பான். இப்போது அவள் திரும்பி, என்ன சொன்னீங்க தம்பி என்றிருப்பாள். இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சநாதன் மேலே கூரையைப் பார்த்தான், அதற்கு மேலே அவள் நிற்கிற இடம் எது என்று தேடினான். தெரிந்துவிடட்டும் என்று ஒரு மனசு ஆசைப்பட்டது, நான் சொல்லாமலே, வேறு யாரோ சொல்லி, நான் கீழே உட்கார்ந்திருக்கும்போதே எல்லாம் முடிந்து, அவள் படியிறங்கி வந்து கத்தி, அந்தச் சுத்தியலால் என் மண்டையில் இரண்டு போட்டு. சீ, என்ன ஆம்பிளை நீ. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய சிரிப்பு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு வந்த சிரிப்பு அது, வாடகை வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை, கீழ் போர்ஷனுக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொள்வாள். பாய் செல்போனிலிருந்து தலை தூக்கி மேலே பார்த்து, "கேட்டீங்களா? விலை ஏறுது" என்றார். அந்த ஆளைப் பஞ்சநாதன் வெறுத்தான். அப்புறம் பார்த்தால் பாய் சட்டைப் பொத்தானில் ஒன்று இல்லை, ஊக்கு குத்தியிருந்தது, அதைக்கூட வெறுக்க முடியவில்லை.

இறங்கி வந்தார்கள். தையல்நாயகியின் முகம், நான் என் வாழ்நாளில் எத்தனையோ விளக்குப் பார்த்திருக்கிறேன், அதை என்னவென்று சொல்ல. மூச்சு வாங்கிற்று அவளுக்கு. "என்னங்க, அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். இதே மாதிரிதான் வேணுமாம்" என்றாள். தெரியவில்லை. அவளுக்கு இன்னும் தெரியவில்லை. பஞ்சநாதன் எழுந்து நின்றான், பேப்பர் கீழே விழுந்தது, "தையல்" என்றான், நிஜமாகவே சொல்லிவிட வாயைத் திறந்தான் என்றுதான் நான் நம்புகிறேன், ஆனால் அதற்குள் நாச்சம்மாள் தன் பையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்தாள், வெற்றிலை பாக்கு வைத்தாள், பூ வைத்தாள், மஞ்சள் வைத்தாள், மேலே ஒரு கவரை வைத்தாள். "நல்ல நேரம் போறதுக்குள்ள முடிச்சுக்கலாமுங்க." பாய் துள்ளி எழுந்தார், "அண்ணன்கிட்டக் குடுங்கம்மா, அண்ணன்கிட்ட." நாச்சம்மாள் அவரைத் தோளால் ஒதுக்கினாள். "நீங்க செத்த சும்மா இருங்க பாய். ஆம்பளை கையில குடுத்தா அது வெறும் காசு. எங்க வீட்டுல எப்பவும் பொம்பளை கையிலதான் குடுக்கறது. மனசார வாங்கினாத்தான் போற எடத்துல நாங்க நல்லா இருப்போம்." தட்டைத் தையல்நாயகியின் முன்னால் நீட்டினாள். "உங்க வூட்டை எங்களுக்குக் குடுக்கறீங்க. அட்வான்ஸுங்க அம்மிணி. கண்ணுல தண்ணி வராம, சிரிச்ச மொகமா வாங்கிக்கோங்க கண்ணு."

தையல்நாயகி தட்டைப் பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். நாச்சம்மாளின் கைகளைப் பார்த்தாள். அவனை மட்டும் பார்க்கவில்லை. பார் என்று அவன் நினைத்தான், ஒரு தடவை பார், திட்டு, தட்டைத் தட்டிவிடு, வெற்றிலை பறக்கட்டும், நான் பொறுக்கிக்கொள்கிறேன், எல்லாரையும் வெளியே போகச் சொல், என்னையும் போகச் சொல். அவள் ஈரமே இல்லாத இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள், விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரிச்ச முகமாகத்தான் வாங்கினாள், நாச்சம்மாள் கேட்டபடி. உள்ளே போய்க் குங்குமச் சிமிழ் எடுத்துவந்து அந்த அம்மாளுக்குக் கொடுத்தாள். "நல்லா இருங்க" என்றாள். லோகநாதன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான், அதற்கும் தலையில் கை வைத்து ஏதோ சொன்னாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். பாய் போகிற போக்கில் பஞ்சநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கும்போதே அவர் முகமும் என்னவோ ஆயிற்று, கையைச் சட்டென்று விட்டுவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்து தட்டை மேஜையில் வைத்தாள். பூ வாடாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர்கள் உட்காரக் கூச்சப்படுவதுபோல ஓரமாக நின்றாள். அவன் என்னவெல்லாமோ சொன்னான், மூணாவது வீடு என்றான், நகை என்றான், பொன்மலை என்றான், மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறதே அதையும் சொன்னான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். அப்புறம் மெதுவாக, அவனை இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா, அவங்ககிட்ட வீட்டைப் பத்தி இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவ்வளவுதான். பஞ்சநாதன் இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள், பத்திரம் முடிந்து நாச்சம்மாள் வந்து நாற்காலியைத் தூக்கிப் போட்டபோதும் அவன் எழவில்லை என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யார் சொன்னது என்று யாராவது கேட்டால் என் பேரை இழுத்துவிடாதீர்கள், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள், காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். தையல்நாயகி காதுக்குப் போனால் என்னை ஒன்றும் கேட்க மாட்டாள். உட்கார வைத்துக் காப்பி கொடுப்பாள். அதைத் தாங்க என்னால் முடியாது.